பெரியப்பாவின் ஆல்பத்தில் ஒரு பக்கம்

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். கடலூரில் இருக்கிறீர்கள். சரக்குக் கப்பலில் வேலை பார்த்த உங்கள் பெரியப்பா விட்டுப்போன ஸ்டாம்ப் ஆல்பத்தில், ஒரே ஒரு பக்கத்துக்கு மட்டும் 'விடுதலையும் தூதர்களும்' என்று தன் கையெழுத்தில் தலைப்புப் போட்டு வைத்திருக்கிறார். எல்லாமே அமெரிக்க ஸ்டாம்புகள். மேலே தனியாக, ஓரத்தில் பல் இல்லாத நீல நிற 5 சென்ட் பெஞ்சமின் பிராங்க்ளின். அதற்குக் கீழே 1976ஆம் வருஷத்து நான்கு ஸ்டாம்ப் சேர்ந்த பட்டை, பிறகு 1978இல் வந்த பிரெஞ்சுக் கூட்டணி ஸ்டாம்ப், 1982இன் நெதர்லாந்து, 1983இன் ஸ்வீடன், அதே 1983இன் பாரிஸ் உடன்படிக்கை. பக்கத்தின் அடியில் 2006இல் வந்த தூதர்கள் ஆறு பேர் கொண்ட ஷீட். ஒரு கடைக்காரர் மொத்தப் பக்கத்துக்கும் 150 ரூபாய் தருகிறேன் என்றாராம். விலை நியாயமா, ஸ்வீடனுக்கும் பிராங்க்ளினுக்கும் என்ன சம்பந்தம், இதுதான் நீங்கள் எழுதியிருக்கிற இரண்டு கேள்வி. ஆனால் கடைசி வரியில் 'இதை வைத்துக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறதா தெரியவில்லை' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் பட்டது. அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் 37 வருஷமாக ஸ்டாம்ப் சேர்க்கிறேன். அதில் பாதிக் காலம் பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களையும் உடன்படிக்கைகளையும் பற்றிய ஸ்டாம்புகளில்தான் போயிருக்கிறது. அதனால் உங்கள் பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆனால் நான் பார்த்தது போனில் எடுத்த படம்தான். பின்பக்கத்தில் பசை முழுதாக இருக்கிறதா, காகிதம் எங்காவது மெலிந்திருக்கிறதா, பல் ஒடிந்திருக்கிறதா என்பதையெல்லாம் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. கையில் வாங்கிப் பார்க்காமல் விலையைப் பற்றி யார் உறுதியாகப் பேசினாலும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பண விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கடைக்காரர் உங்களை ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. 1970களிலும் 80களிலும் அமெரிக்க நினைவு அஞ்சல்தலை ஒவ்வொன்றும் பத்துக் கோடிக்கு மேல் அச்சாவது சாதாரணம். வாங்கியவர்களில் பலர் கடிதத்தில் ஒட்டாமல் பத்திரமாகப் பூட்டியும் வைத்தார்கள். அதனால் இன்றைக்கும் ஷீட் ஷீட்டாகக் கிடைக்கிறது. அமெரிக்காவிலேயே வியாபாரிகள் அந்தக் காலத்துப் புதிய ஸ்டாம்புகளை முகமதிப்பைவிட, அதாவது ஸ்டாம்பில் அச்சிட்ட விலையைவிட, குறைவாகத்தான் வாங்குகிறார்கள், வாங்கியதைக் கடிதத்தில் ஒட்டித் தபாலில் போட்டும் விடுகிறார்கள், ஏனென்றால் 1861க்குப் பிறகு வந்த அமெரிக்க ஸ்டாம்புகள் அங்கே இன்னும் செல்லும். முத்திரை குத்தியது என்றால் அதைவிடவும் குறைவு. 2006 ஷீட் மட்டும் கசங்காமல் முழுசாக இருந்தால் முகமதிப்பை ஒட்டி ஏதாவது கிடைக்கலாம். மொத்தத்தில், இந்தப் பக்கத்தை விற்றுப் பெரிய பணம் பார்க்க முடியாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்த நீல பிராங்க்ளினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பார்த்துத்தான் உங்கள் வீட்டில் யாரோ 'இது அமெரிக்காவின் முதல் ஸ்டாம்ப், லட்சக்கணக்கில் போகும்' என்று சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க அரசு முதன்முதலில் நாடு முழுவதற்குமாக ஸ்டாம்ப் வெளியிட்டது 1847 ஜூலை 1 அன்று. 5 சென்ட்டில் பிராங்க்ளின், 10 சென்ட்டில் வாஷிங்டன். இரண்டுக்கும் பல் கிடையாது, கத்தரித்துத்தான் பிரிக்க வேண்டும். அதுவரை உங்கள் வீட்டார் சொன்னது சரி. ஆனால் 1847இன் 5 சென்ட் செம்பழுப்பு நிறம். சரியாக நூறு வருஷம் கழித்து 1947இல் நியூயார்க்கில் ஒரு பன்னாட்டு அஞ்சல்தலைக் கண்காட்சி நடந்தபோது, அந்த இரண்டையும் நிறம் மாற்றி ஒரே சிறிய ஷீட்டில் திரும்ப அச்சிட்டார்கள். அதில் பிராங்க்ளின் நீலம், வாஷிங்டன் பழுப்பு கலந்த ஆரஞ்சு. அந்த ஷீட்டிலிருந்து வெட்டி எடுத்தால் உங்களிடம் இருப்பதுபோலவே பல் இல்லாமல், நான்கு பக்கமும் வெள்ளை ஓரத்தோடு வரும். உங்களுடையது அதுதான் என்று படத்திலேயே ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். விலை மிகக் குறைவு. ஆனால் பெரியப்பா ஏமாந்து வாங்கி வைத்தார் என்று நினைக்காதீர்கள், ஸ்டாம்புக்குக் கீழே பென்சிலால் '1947' என்று சின்னதாக எழுதியிருப்பது படத்தில் தெரிகிறது. அவருக்குத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்.

சரி, இனி பக்கத்துக்கு வருகிறேன். ஸ்டாம்புகளை அவர் எந்த ஒழுங்கில் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். வெளியான வருஷப்படி பார்த்தால் 1976, 1978, 1982, 1983. அவை குறிக்கும் சம்பவங்களின்படி பார்த்தால் 1776, 1778, 1782, 1783. இரண்டு வரிசையும் ஒத்துப்போகின்றன, ஏனென்றால் ஒவ்வொரு சம்பவத்துக்கும் அமெரிக்கா இருநூறாவது ஆண்டில் ஒரு ஸ்டாம்ப் போட்டது. இந்த வரிசை சொல்கிற கதை பலருக்குத் தெரியாதது. 1776 ஜூலை 4இல் விடுதலை 'கிடைத்துவிட்டது' என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அன்றைக்கு நடந்தது அறிவிப்பு மட்டும். அதைப் பிரிட்டன் ஒப்புக்கொள்ள ஏழு வருஷம் ஆனது. அந்த ஏழு வருஷமும் போர்க்களத்தில் வாஷிங்டன் நின்ற அதே நேரத்தில் பாரிஸிலும் நெதர்லாந்தின் ஹேக்கிலும் சில பேர் கதவு கதவாகத் தட்டிக் கடன் கேட்டார்கள், கூட்டணி கேட்டார்கள், 'எங்களை ஒரு நாடு என்று எழுத்தில் சொல்லுங்கள்' என்று கேட்டார்கள். உங்கள் பெரியப்பா அந்தக் கையெழுத்துகளை வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறார். படைத்தளபதிகளில் ஒருவர்கூட இந்தப் பக்கத்தில் இல்லை, அது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

1976இன் பட்டை, ஜான் டிரம்புல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தை நான்கு துண்டாகப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டது, அந்த வருஷம் ஜூலை 4 அன்றே வெளியானது. நான்கும் ஒட்டியே இருந்தால்தான் படம் முழுமை, பிரித்துவிடாதீர்கள். இதில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். 'விடுதலை அறிவிப்பில் கையெழுத்திடும் காட்சி' என்று இந்த ஸ்டாம்பைப் பற்றி எழுதாதவர்கள் குறைவு. டிரம்புல் வரைந்தது கையெழுத்து அல்ல, ஜெபர்சன், ஆடம்ஸ், பிராங்க்ளின் உள்ளிட்ட ஐந்து பேர் குழு வரைவை அவைத்தலைவர் முன்னால் வைக்கும் காட்சி. அது ஜூன் 28இல் நடந்தது. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2இல். கையெழுத்திட்ட 56 பேரில் 42 பேர்தான் ஓவியத்தில் இருக்கிறார்கள், கையெழுத்தே போடாத சிலரும் இருக்கிறார்கள். ஓவியம் தொடங்கியதே பத்து வருஷம் கழித்து, பாரிஸில். அப்போது அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த ஜெபர்சன் அந்த அறையின் அமைப்பை நினைவிலிருந்து கிறுக்கிக் காட்டினார், அது அப்படியே சரியாகவும் இல்லை. ஆக ஸ்டாம்பில் நாம் பார்ப்பது நினைவிலிருந்து வரைந்த ஓவியத்தின் நகல். இதே ஓவியத்தை 1869இலேயே 24 சென்ட் ஸ்டாம்பில் விரல்நுனி அளவுக்குச் சுருக்கிச் செதுக்கினார்கள். பச்சைச் சட்டம், உள்ளே ஊதா நிறத்தில் படம். இரண்டு நிறம் என்பதால் காகிதம் இரண்டு முறை அச்சுக்குப் போக வேண்டும், அதில் ஏதோ ஒரு தாளைத் திருப்பி வைத்துவிட்டதால் படம் தலைகீழாக வந்த பிரதிகள் சில உண்டு. விலை என்று பேசினால் அவைதான் விலை. 1976இல் இந்தியாவும் இதே ஓவியத்தைப் போட்டு 2 ரூபாய் 80 காசுக்கு ஒரு ஸ்டாம்ப் வெளியிட்டது. பழைய ஸ்டாம்ப் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் எளிதாகக் கிடைக்கும், உங்கள் பக்கத்தில் அதற்கு இடமும் இருக்கிறது.

அடுத்தது 1978இன் 13 சென்ட், பிரெஞ்சு அரசர் பதினாறாம் லூயியும் பிராங்க்ளினும் எதிரெதிரே நிற்பது. அது அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பீங்கான் சிற்பம் ஒன்றின் படம். மே 4ஆம் தேதி பென்சில்வேனியாவின் யார்க் என்ற ஊரில் வெளியிட்டார்கள். ஏன் அந்த ஊர் என்றால், பிலடெல்பியா பிரிட்டிஷார் கையில் இருந்த அந்த மாதங்களில் அமெரிக்கக் காங்கிரஸ் அங்கேதான் ஒதுங்கியிருந்தது, 1778 மே 4 அன்று பிரெஞ்சு உடன்படிக்கையை அங்கே வைத்துத்தான் ஏற்றது. சிற்பத்தில் அரசரும் பிராங்க்ளினும் மட்டும் இருக்கிறார்கள். நிஜத்தில் 1778 பிப்ரவரி 6இல் பாரிஸில் கையெழுத்திட்டது பிரான்ஸ் சார்பில் ஜெரார் என்ற அதிகாரி. அமெரிக்கா சார்பில் பிராங்க்ளினோடு சைலஸ் டீன், ஆர்தர் லீ என்று இன்னும் இரண்டு பேர். அரசர் தூதர்களை வெர்சாய் அரண்மனையில் சந்தித்தது அடுத்த மாதம். டீனும் லீயும் பின்னால் சண்டை போட்டுப் பெயர் கெட்டுப்போனார்கள், சிலையிலும் ஸ்டாம்பிலும் இடம் கிடைக்கவில்லை. எனக்கு இதில் வருத்தம்தான், ஏனென்றால் ஆயுதமும் துணியும் வாங்க முதலில் பாரிஸ் போனது டீன். நினைவு ஸ்டாம்புகளில் இது அடிக்கடி நடக்கும், மூன்று பேர் செய்த வேலை ஒரு முகத்தில் போய்ச் சேர்ந்துவிடும். இந்த உடன்படிக்கையின் விளைவு உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே விழுந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸ் அமெரிக்காவோடு சேர்ந்துவிட்டது, போர் வந்துவிட்டது என்ற செய்தி எட்டியதும் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள், 1778 அக்டோபரில் அது விழுந்தது. பாரிஸில் மை காய்ந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை.

நெதர்லாந்து ஸ்டாம்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கொடி நிறங்கள்தான், முகம் கிடையாது. ஆனால் அதற்குப் பின்னால் இருப்பவர் ஜான் ஆடம்ஸ். மொழி தெரியாத ஊரில் இரண்டு வருஷம் அலைந்து 1782 ஏப்ரல் 19இல் டச்சுக்காரர்களின் அங்கீகாரத்தை வாங்கினார், அந்தக் கோடையிலேயே ஐம்பது லட்சம் கில்டர் கடனையும் வாங்கினார். உண்மையில் அந்தக் கடன் வேலைக்கு அவருக்கு முன்னால் அனுப்பப்பட்டவர் ஹென்றி லாரன்ஸ். 1780இல் நடுக்கடலில் பிரிட்டிஷ் கப்பல் அவரைப் பிடித்து, தூதர் என்றும் பார்க்காமல் லண்டன் கோபுரத்தில் அடைத்துவிட்டது. பின்னால் அவருக்கு ஈடாக விடுவிக்கப்பட்டவர் யார் தெரியுமா? அமெரிக்காவின் யார்க்டவுனில் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ். ஆமாம், அதே கார்ன்வாலிஸ்தான், 1786இல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து, 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவிடம் பாதி நாட்டை எழுதி வாங்கியவர். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அவர் சிலை இருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

இப்போது உங்கள் ஸ்வீடன் கேள்வி. பாரிஸில் பிராங்க்ளின் இருந்தபோது அங்கே ஸ்வீடன் தூதராக இருந்தவர் குஸ்தாவ் பிலிப் கிரூட்ஸ் என்ற பிரபு. கவிஞரும்கூட. இரண்டு பேரும் 1783 ஏப்ரல் 3 தேதியிட்ட நட்பு, வணிக உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஸ்வீடன் இந்தப் போரில் யார் பக்கமும் நிற்காத நாடு. பிரான்ஸுக்கும் டச்சுக்காரர்களுக்கும் பிரிட்டனோடு ஏற்கெனவே பகை இருந்தது, அமெரிக்காவை ஆதரிக்க அவர்களுக்குச் சொந்தக் காரணம் உண்டு. அப்படி எந்தப் பகையும் இல்லாத ஒரு நாடு, பிரிட்டனோடு இறுதி உடன்படிக்கை முடிவதற்கு முன்பே, தானாக முன்வந்து உங்களோடு உடன்படிக்கை செய்கிறேன் என்றது. புதிதாகப் பிறந்த நாட்டுக்கு அந்தக் காகிதம் எவ்வளவு பெரிய தெம்பாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1983 மார்ச்சில் இரண்டு நாடுகளும் சேர்ந்து ஒரே படத்தை வைத்து ஸ்டாம்ப் வெளியிட்டன, அமெரிக்கப் பிரதி 20 சென்ட். இதைக் கூட்டு வெளியீடு என்போம். ஸ்வீடன் பிரதியும் கிடைத்தால் பக்கத்தில் வைக்கலாம், கஷ்டமான ஒன்று இல்லை.

இந்த ஒரு ஸ்டாம்பை மட்டும் நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். செதுக்கியவர் செஸ்வாவ் ஸ்லானியா. போலந்தில் பிறந்து, 1956இல் ஸ்வீடனுக்குப் போய், பிறகு ஸ்வீடன் அரசவையின் செதுக்குநர் ஆனவர். வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டாம்புகளை உலோகத்தில் கையால் செதுக்கினார், 2005இல் இறந்தார். புகைப்படம் மாதிரி அச்சிட்ட ஸ்டாம்பை லென்ஸில் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். இதில் புள்ளி இருக்காது, எல்லாமே கோடுகள். கன்னத்தின் வளைவு, முடியின் அடர்த்தி, ஆடையின் மடிப்பு எல்லாவற்றையும் கோட்டின் தடிமனாலும் இடைவெளியாலும் மட்டும் கொண்டுவந்திருப்பார். எஃகில் குழிவாக வெட்டிய அந்தக் கோடுகளில் மை நிற்கும், அழுத்தும்போது காகிதம் குழிக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும். அதனால் மை காகிதத்தின்மேல் கொஞ்சம் மேடாகவே உட்காரும். முத்திரை விழுந்த சாதாரணப் பிரதி ஒன்றை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள், அந்த மேடு தெரியும். உங்கள் பிரதியைத் தடவாதீர்கள், விரலில் இருக்கிற எண்ணெய் பட்டுவிடும். என்னிடம் இந்த ஸ்டாம்ப் இருபதுக்கு மேல் இருக்கிறது, விலைக்காக இல்லை, யாராவது பள்ளிப் பிள்ளைகள் வந்தால் ஆளுக்கு ஒன்று கொடுப்பதற்கு.

எங்கே பார்த்தாலும் பிராங்க்ளின்தானா என்று உங்களுக்குத் தோன்றலாம், அதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். 1776இன் அறிவிப்பு, 1778இன் பிரெஞ்சுக் கூட்டணி, 1783இன் சமாதானம், 1787இன் அரசியல் சட்டம், இந்த நான்கிலும் கையெழுத்து இருக்கிற ஒரே ஆள் அவர். போதாததற்குத் தபால்காரர்களுக்கு அவர் சொந்த வீட்டு மனிதர். 1737இல் பிலடெல்பியா போஸ்ட் மாஸ்டர், 1753இல் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளின் தபால் துறைக்குக் கூட்டுத் தலைவர், 1774இல் லண்டன் அவரை வேலையை விட்டு நீக்கியது, 1775 ஜூலை 26இல் அமெரிக்கக் காங்கிரஸ் அவரையே முதல் தலைமை அஞ்சல் அதிகாரி ஆக்கியது. தபால் அதிகாரி என்ற முறையில் கட்டணமில்லாமல் கடிதம் அனுப்ப உறையில் 'இலவசம், பி. பிராங்க்ளின்' என்று எழுத வேண்டும். அவர் சில உறைகளில், இலவசம், விடுதலை இரண்டையும் குறிக்கும் 'ஃப்ரீ' என்ற ஆங்கிலச் சொல்லை இடம் மாற்றி, 'பி, விடுதலை, பிராங்க்ளின்' என்று படிக்கும்படி எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட உறைகள் இருப்பது நிச்சயம். அதை விடுதலைக்கான குறும்பான அழைப்பாகவே எழுதினார் என்பது பின்னால் வந்தவர்கள் சொல்வது. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் அவர் வாயால் சொன்னதாக நான் எங்கும் படித்ததில்லை. ஆர்வம் இருந்தால் 1976 ஜூனில் அமெரிக்காவும் கனடாவும் கூட்டாக வெளியிட்ட பிராங்க்ளின் ஸ்டாம்பையும் தேடுங்கள். சரியாக இருநூறு வருஷத்துக்கு முன்னால், 1776 வசந்தத்தில், எழுபது வயதில் பனியில் மாண்ட்ரியல் வரை போய் 'எங்களோடு சேருங்கள்' என்று கேட்டுத் தோற்றுத் திரும்பியவர் அவர். கனடா அந்தப் பயணத்தை விட்டுவிட்டு, அங்கே தபால் வழிகளை அமைத்தவர் என்பதற்காக அவரை நினைவுகூர்ந்தது.

இனி 1983 செப்டம்பரின் பாரிஸ் உடன்படிக்கை ஸ்டாம்ப். 1783 செப்டம்பர் 3 அன்று பாரிஸில் ஒரு விடுதியில் கையெழுத்தானது. பிரிட்டன் சார்பில் டேவிட் ஹார்ட்லி, அமெரிக்கா சார்பில் ஆடம்ஸ், பிராங்க்ளின், ஜான் ஜே. ஸ்டாம்பில் நான்கு பேரும் ஒரே சட்டத்துக்குள் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சமாதானத்தைப் பற்றி அதே காலத்தில் வரையத் தொடங்கிய ஓவியம் ஒன்று உண்டு, பெஞ்சமின் வெஸ்ட் வரைந்தது. அமெரிக்கத் தரப்பு முழுக்க இருக்கிறது, லாரன்ஸும் இருக்கிறார். வலது பாதி வெறும் துணி. அங்கே வர வேண்டிய பிரிட்டிஷ் தரப்பு வரைபடாமலே போய்விட்டது. முதல்கட்ட ஒப்பந்தம் பேசிய ரிச்சர்ட் ஆஸ்வால்ட் உட்கார்ந்து கொடுக்கவில்லை, சில காலத்தில் இறந்தும் போனார். அவர் மறுத்தது தோற்றத்தைப் பற்றிய கூச்சத்தாலா, தோல்வியின் சங்கடத்தாலா என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள், இரண்டையும் ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஸ்டாம்பைவிட அந்தப் பாதி ஓவியம்தான் பிடிக்கும். இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஒரு தரப்பே காணோம், இருநூறு வருஷம் கழித்து வந்ததில் எல்லோரும் நல்லபடியாகக் கூடியிருக்கிறார்கள்.

நீங்கள் கடலூர் என்று எழுதியதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்ததற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. 1783 ஜூனில் கடலூர் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது, தளபதி புஸ்ஸி. கூடவே மைசூர்ப் படையும். ஜெனரல் ஸ்டூவர்ட் தலைமையில் ஆங்கிலப் படை ஜூன் 13 அன்று தாக்கியது, இரண்டு பக்கமும் பெரிய இழப்பு. ஜூன் 20இல் கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேயர் ஹியூஸும் மோதினார்கள். 25ஆம் தேதி பிரெஞ்சுப் படை வெளியே வந்து தாக்கித் தோற்றது. இதில் ஒவ்வொரு உயிரும் வீணாகப் போனது, ஏனென்றால் பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் முதல்கட்டச் சமாதானம் அந்த ஜனவரி 20 அன்றே வெர்சாயில் கையெழுத்தாகிவிட்டது. செய்தி கப்பலில் இங்கே வந்து சேர ஜூன் கடைசி ஆகிவிட்டது. வந்ததும் சண்டை நின்றது. அமெரிக்க விடுதலைப் போரோடு சேர்ந்து மூண்ட சண்டைகளில் கடைசியாக நடந்தது கடலூரில் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதுவது இதனால்தான். திப்புவோடு ஆங்கிலேயருக்கு இருந்த போர் தனியாக 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை வரை போனது. பிரிட்டனும் பிரான்ஸும் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கைப்படி புதுச்சேரி பிரான்ஸுக்குத் திரும்பியது. இங்கே ஒரு கதையைப் பற்றி எச்சரிக்க வேண்டும், தேடினால் உடனே கண்ணில் படும். ஜூன் 25 சண்டையில் காயத்தோடு பிடிபட்ட இளம் பிரெஞ்சு சார்ஜன்ட்தான் பின்னால் ஸ்வீடனின் அரசரான பெர்னடாட் என்பது கதை. உங்கள் பக்கத்தில் ஸ்வீடனும் இருப்பதால் சேர்த்து எழுத ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் பெர்னடாட் இந்தியா வந்ததற்கு உறுதியான சான்று இல்லை, ஆராய்ந்தவர்கள் பலர் ஏற்கவில்லை. விட்டுவிடுங்கள்.

அடியில் இருக்கும் 2006 ஷீட் வேறு காலத்துக்குப் போகிறது. ஆறு பேரும் இருபதாம் நூற்றாண்டுத் தூதர்கள், விடுதலைக்கும் அவர்களுக்கும் நேரடியாகச் சம்பந்தம் இல்லை. இதில் எல்லோரும் முதலில் பேசுவது ஹிராம் பிங்காமைப் பற்றி, நியாயம்தான். 1940இல் பிரான்ஸின் மார்சேயில் துணைத் தூதராக இருந்து, மேலிடத்தின் விருப்பத்துக்கு மாறாக, நாஜிகளிடமிருந்து தப்பி ஓடிவந்த யூதர்களுக்கும் மற்றவர்களுக்கும் விசா கொடுத்தவர், அதற்காகப் பதவி உயர்வை இழந்தவர். கிளிப்டன் வார்ட்டன் படிப்படியாக உயர்ந்து தூதரான முதல் கறுப்பின அமெரிக்கர். நமக்குக் கொஞ்சம் அருகில் வந்தவர் பிரான்சிஸ் வில்லிஸ், தூதுப் பணியில் சேர்ந்து படிப்படியாகத் தூதர் பதவிக்கு உயர்ந்த முதல் அமெரிக்கப் பெண். 1953இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கி, நார்வே போய், 1961 முதல் 64 வரை கொழும்பில் இலங்கைக்கான தூதராக இருந்தார். உங்கள் பெரியப்பா கப்பலில் கொழும்பு போயிருப்பார் என்று நினைக்கிறேன். இந்த ஷீட்டை அவர் எதற்காக அந்தப் பக்கத்தில் சேர்த்தார் என்பதை நான் ஊகிக்கத்தான் முடியும். தலைப்பில் 'தூதர்களும்' என்ற சொல் 'விடுதலை'யைவிடக் கொஞ்சம் வேறு மையில் இருக்கிறது, இந்த ஷீட் கிடைத்த பிறகு அதைச் சேர்த்திருக்கலாம். வீட்டில் கடிதமோ நாட்குறிப்போ இருந்தால் 2006ஐ ஒட்டிய பக்கங்களைப் பாருங்கள்.

வைத்துக்கொள்வதா என்று கேட்டீர்கள். என் கருத்து, வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டாம்புகளைத் தனித்தனியாகப் பிரிக்காமல் அந்தப் பக்கமாகவே. இதே ஸ்டாம்புகளைக் குறைந்த செலவில் திரும்ப வாங்கிவிடலாம், அவர் எழுதிய தலைப்பையும் வரிசையையும் வாங்க முடியாது. படத்தில் ஸ்டாம்புகளுக்குக் கீழே பழைய பசைத்தாள் துண்டுகள் தெரிகின்றன, அவற்றை உரிக்கப் பார்க்காதீர்கள், காகிதம் மெலிந்துவிடும். பக்கத்தை அப்படியே அமிலமில்லாத பிளாஸ்டிக் உறையில் போட்டு நிற்க வையுங்கள். பிவிசி உறை வேண்டவே வேண்டாம், நாளாக நாளாக அதிலிருந்து கசியும் எண்ணெய்ப் பசை ஸ்டாம்பின் நிறத்தைக் கெடுத்துவிடும். கடலோர ஊர், ஐப்பசி கார்த்திகையில் ஈரம் ஏறினால் புதிய ஸ்டாம்பின் பசை எதிர்ப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், அந்த இரண்டு மாதமும் அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அப்புறம், படத்தில் 1983 பாரிஸ் ஸ்டாம்புக்கு வலப்பக்கம் ஒரு அஞ்சலட்டை அளவுக்கு இடம் காலியாக விட்டிருக்கிறார், மற்ற எங்கேயும் அவ்வளவு இடம் விடவில்லை. ஏன் என்று அவரிடம் இனிக் கேட்க முடியாது. நானாக இருந்தால் வருகிற ஜூன் கடைசி வாரத்தில் கடலூர் தலைமை அஞ்சலகத்துக்குப் போய், ஒரு அஞ்சலட்டையில் என் முகவரியையே எழுதி, தேதி முத்திரையைத் தெளிவாகக் குத்தித் தரச் சொல்லிக் கேட்பேன், மறுக்க மாட்டார்கள். அந்த அட்டை அந்த இடத்தில் சரியாக உட்காரும் என்று நினைக்கிறேன். பின்பக்கத்தில் பென்சிலால் '1783' என்று எழுதி வையுங்கள். வைத்த பிறகு ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.